சீல் உடையாத மீன் எண்ணெய்

பிறத்தியார் வயிற்றைப் பற்றியே சதா விசாரப்பட்டுக் கொண்டிருக்கும் ஒரு ரகம் நம்மிடையே உண்டு. உங்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்க முடியாது. கையில் ஒரு கறுப்புப் பை, கக்கத்தில் சுருட்டிய படங்கள், வாய் நிறைய வைட்டமின். கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்து, நீங்கள் இரண்டாவது ஜாங்கிரிக்குத் தலையசைக்கும் சமயம் பார்த்து, "பல்லுக்கு ஆகாதுங்க" என்பாரே, அவரேதான். சொல்லிவிட்டு, உங்களுக்கு வந்த ஜாங்கிரியைத் தம் இலைக்குத் திருப்பிக்கொள்வார். ஆரோக்கியப் போதகர் என்று இவருக்குப் பெயர். இவருடைய லட்சணங்களை நான் தூரத்தில் நின்று பார்த்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தினம் காலையில் சவரக் கண்ணாடியில் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஆம், ஆரம்பப் பள்ளி வாத்தியார்களைக் கோயமுத்தூருக்கு வரவழைத்து, குழந்தைகளின் உடம்பையும் ஊட்டத்தையும் காப்பாற்றும் வித்தையைக் கற்றுக்கொடுப்பது என் உத்தியோகம். ஈரோட்டிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் கோபியிலிருந்தும் ரயிலும் பஸ்ஸும் மாட்டுவண்டியுமாக வந்து சேரும் அந்தப் பாவப்பட்ட மனிதர்களை ஜன்னல் இல்லாத ஒரு கூடத்தில் அடைத்து, காற்றோட்டத்தின் அவசியத்தைப் பற்றி நான் பேசுவேன். மூக்கால்தான் மூச்சு விட வேண்டும் என்று, மூக்குப்பொடி அடைத்த என் மூக்கால் சொல்லுவேன். ராகியின் மகிமை, கம்பின் பெருமை, தீட்டாத அரிசியின் திறம் எல்லாவற்றையும் உச்சி வெயில் வரை விளக்கிவிட்டு, சாப்பாட்டு மணி அடித்ததும் மல்லிகைப்பூப் போன்ற தீட்டின அரிசிச் சோற்றில் நெய்யை ஊற்றிக்கொள்வேன். ராகிக் களியா? எனக்கு அது ஒத்துக்கொள்ளாது. வாயு.

பயிற்சி முடியும் நாளில் ஒவ்வொரு வாத்தியாருக்கும் ஒரு சுருள் படமும், அரக்கு சீல் வைத்த ஒரு புட்டி மீன் எண்ணெயும் கொடுப்போம். பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் போகிறதே, அந்த மாலைக்கண்ணுக்கு அது கைகண்ட மருந்து. ஆனால் ஒரு வருஷம் ஒரு வாத்தியார் தம் புட்டியை முழங்கால் வலிக்குத் தேய்த்துத் தீர்த்துவிட்டார். எனக்கு அசாத்தியக் கோபம். அதனால் அடுத்த பயிற்சியில் மேஜையைத் தட்டிச் சொன்னேன்: "இது பாடத்துக்கான உபகரணம், சர்க்கார் சொத்து. நான் பார்வையிட வரும்போது சீல் உடையாமல் இருக்க வேணும்." எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்களில் நஞ்சுண்டன் என்ற வாத்தியார் மற்றவர்களைவிடப் பலமாகத் தலையாட்டினார்.

இப்படிப்பட்ட சீடன் கிடைத்தால் குரு சும்மா இருப்பானா? தை மாதம், கோபிசெட்டிபாளையத்துக்கு அப்பால் வாய்க்கால் ஓரத்தில் இருந்த அவருடைய பள்ளிக்கூடத்தைப் பார்வையிடக் கிளம்பிவிட்டேன்.

போனதும் மனசு குளிர்ந்தது. குழந்தைகள் நகத்தை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு முருங்கை மரம். அதன் கிளையில் நான் கொடுத்த சுருள் படத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார் நஞ்சுண்டன். படத்தில் காரட், ஆப்பிள், முட்டைக்கோஸ். அந்த ஊரில் ஒருவரும் அவற்றைக் கண்ணால் கண்டதில்லை. அதனால் என்ன, படம் வர்ணமாக இருந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் முருங்கை இலை உதிர்ந்து காரட்டை மறைத்தது. "இந்த மரத்தை வெட்டிப்போட்டால் படம் இன்னும் எடுப்பாக இருக்கும்" என்று யோசனை சொன்னேன். நஞ்சுண்டன் அதையும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

அலமாரியைத் திறந்து காட்டினார். புட்டி பளபளவென்று நின்றது. சீல் அப்படியே இருந்தது. வாரம் ஒரு முறை எடுத்துக் குழந்தைகளுக்குக் காட்டி, துடைத்து, மறுபடி உள்ளே வைத்துப் பூட்டுகிறாராம்.

"சபாஷ்!" என்றேன்.

அப்புறம் கேள்வி பதில். "மாலைக்கண் ஏன் வருகிறது?" என்று கேட்டதும் மயிலாத்தாள் என்ற ஒரு பெண் எழுந்து, ஏ வைட்டமின் குறைவால் வருகிறது, மீன் எண்ணெய் அருந்தினாலும் கீரை வகைகளை உண்டாலும் நீங்கும் என்று ஒரு மூச்சில் ஒப்பித்தாள். என் பிரசங்கத்தை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள். முதல் பரிசு அவளுக்கே என்று தீர்மானித்தேன். அவளுடைய நகம் சுத்தம், பல் சுத்தம். இரண்டு முழங்காலிலும் புதிதும் பழசுமாகச் சிராய்ப்பு. துடியான பெண், ஓடி விளையாடுகிறாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

காடு கழனி வேலைக்குப் போன பெற்றோர்கள் திரும்பட்டும் என்று பரிசளிப்பை மாலைக்கு வைத்திருந்தார்கள். முருங்கை மரத்தடியில் கூட்டம் சேர்ந்தது. நான் எழுந்தேன். எழுந்த போதகர் உட்கார்ந்ததுண்டா? பல்லில் தொடங்கி, குடலுக்கு இறங்கி, கொக்கிப்புழுவில் கொஞ்ச நேரம் தங்கி, கண்ணுக்கு நான் வந்து சேர்ந்தபோது சூரியன் மறைந்திருந்தது. ஒருவர் ஓரமாகப் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் காற்றடிக்க ஆரம்பித்தார். ஆனாலும் ஆளுக்கு ஆள் முகம் தெரிகிற வெளிச்சம் இன்னும் இருந்தது.

"முதல் பரிசு, மயிலாத்தாள்!" என்று சோப்புக் கட்டியை நீட்டினேன்.

பெண் எழுந்தாள். நேரே வராமல் ஒரு பக்கமாக நடந்தாள். சுக்குக் காப்பி அண்டாவில் இடித்துக்கொண்டாள். கூட்டம் சிரித்தது.

"கூச்சப்படாதே கண்ணு, இப்படி வா" என்றேன் நான், மிகுந்த பெருந்தன்மையுடன்.

என் குரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கையை நீட்டினாள். என்னிடம் நீட்டவில்லை, மரத்தில் தொங்கிய காரட்டிடம் நீட்டினாள்.

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. அப்போது பின்னாலிருந்து ஓர் அம்மாள் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து பெண்ணின் தோளைப் பிடித்தாள். மயிலாத்தாளின் தாயார், சென்னியம்மாள் என்று பிற்பாடு தெரிந்தது.

"சிரிக்காதீங்க. பொழுது எறங்கினா எம்புள்ளைக்குக் கண்ணு தெரியாதுங்க. முந்தாநாளு வாய்க்கால்ல உழுந்துபோட்டா. தண்ணி பாய்ச்சிட்டிருந்தவங்க ஓடியாந்து தூக்காட்டி, புள்ளை போயிருக்குமுங்க."

நஞ்சுண்டனைப் பார்த்தேன்.

"ஏனுங்க வாத்தியாரே, உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியுமுங்க ஐயா. அவ அம்மா ரெண்டு தரம் வந்து மருந்து கேட்டாங்க. ஐயாதானுங்க சீல் உடையக் கூடாதுன்னு சொன்னீங்க. நீங்க பார்த்துப்போட்டுப் போனதுக்கப்புறம் உடைக்கலாமுன்னு இருந்தேனுங்க."

ஆக, நான் சீக்கிரம் வந்து சேர வேண்டுமே என்று ஒரு குழந்தையின் கண் காத்திருந்திருக்கிறது. இந்த நிலையில் ஒரு மனிதன் என்ன செய்வான்? புட்டியை உடைப்பான். போதகர் என்ன செய்வார்? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மேலிடத்துக்கு எழுதி உத்தரவு பெற்று…" என்று ஆரம்பித்தேன். சத்தியமாக ஆரம்பித்தேன்.

"எழுதுங்க, வேண்டாங்கலீங்க. அது வர்ற வரைக்கும் எம்புள்ளை வாய்க்கா மேட்டுல எப்படிங்க நடப்பா?" என்றாள் சென்னியம்மாள். "அந்தப் புட்டிக்குள்ளாற இருக்கறது மருந்துங்களா, இல்லை அதுவும் படமுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அவமானத்தில் காது எரிந்தது. நானே சாவியை வாங்கி அலமாரியைத் திறந்து, புட்டியை மரத்தடிக்குக் கொண்டுவந்து, பேனாக்கத்தியால் அரக்கைச் சுரண்டி, கார்க்கைப் பல்லால் கடித்து இழுத்தேன். பற்களைத் திறப்பான் போல் உபயோகிக்கலாகாது என்பது என் இரண்டாம் நாள் பாடம். எண்ணெய் என் கோட்டில் கொட்டி, படத்தில் ஆப்பிள் மேல் தெறித்து, கொஞ்சம் காப்பிக் கரண்டியில் விழுந்தது. மயிலாத்தாள் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"தூ! இதையாங்க இத்தனை நாளும் பூட்டி வெச்சிருந்தீங்க?" என்றாள்.

புட்டியைத் தாயார் கையில் கொடுத்தேன். தலைமேல் ஒரு கொத்து இலை உதிர்ந்தது. கீரை வகைகளில் முருங்கைக்கு முதல் ஸ்தானம் என்று பல வருஷமாகப் பிரசங்கம் செய்து வருகிறவன் நான். அன்றுதான் அண்ணாந்து பார்த்தேன். மரத்தை வெட்ட வேண்டாம் என்று வாத்தியாரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, சென்னியம்மாளிடம் தினம் ஒரு பிடி ஆக்கிப் போடச் சொன்னேன். மாசிச் சந்தையில் நஞ்சுண்டனைப் பார்த்தபோது, பெண் இப்போது அந்தியில் ஆட்டைத் தானே ஓட்டி வருவதாகச் சொன்னார். நடுச்சந்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் மண்டிப் பக்கம் நின்றதால் தப்பித்தேன்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? நன்றாயிருக்கிறது! இப்போது எல்லாப் பயிற்சியிலும் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். அபாரமாகக் கைதட்டுகிறார்கள். போன வாரம் தாராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து விழாவிலும் விஸ்தாரமாகச் சொல்லி முடித்தபோது அந்தி மயங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து போகையில் என் கூஜாவைத் தட்டிவிட்டான். "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று ஓர் அதட்டல் போட்டுவிட்டு வண்டி ஏறினேன். அமராவதிப் பாலத்தண்டை வந்தபோதுதான் உறைத்தது. வண்டியைத் திருப்பச் சொல்லி, வீடு விசாரித்து, பையனைப் பிடித்துக் கண்ணைச் சோதித்தேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை. வேண்டுமென்றே உதைத்தானாம், பேச்சு நீண்டுவிட்டதாம். ஒரு போக்கிரியைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

நீங்கள் ஏன் புன்சிரிப்புச் சிரிக்கிறீர்கள்? 'கதை நன்றாயிருக்கிறது, நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்' என்று தோன்றுகிறதா? ஐயோ, அதுதான் முதல் அறிகுறி. எங்கள் ரகம் எல்லாருக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. சரி, இன்று விளக்கு வைக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுக் குழந்தை வாசற்படியைக் காலால் துழாவியதா, நேரே இறங்கியதா? கவனிக்கவில்லையா? அதெப்படி முடியும், நீங்கள்தான் ஆரோக்கியத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தீர்களே.