ராஜா ராணி பொருத்தம்

ராஜா இரண்டாவது குச்சியையும் கடித்துத் தின்றுவிட்டது.

கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து எச்சில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்குள் திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டி வைத்திருக்கும் கோதண்டபாணிக்கு வேட்டி கிழிந்து, விரலில் ரத்தமும் வந்துவிட்டது. ராஜா அவருடைய லாப்ரடார், கலப்பில்லாத ஜாதி நாய். விழுப்புரத்தில் இருக்கும் மனைவியின் தம்பி திருமுருகன் வளர்க்கும் ராணியோடு அதைச் சேர்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் இரண்டுக்கும் பரம்பரைக் கண் நோய் இருக்கிறதா என்று சோதித்துவிடலாம் என்று சொன்னவள் மகள் புனிதா. குச்சிகளையும் அவளேதான் தருவித்தாள், ஒரு கட்டாக.

"இத்தினி எதுக்கும்மா?"

"மிச்சமானா ஒதவும்பா."

அதே திருமுருகனுக்குத்தான் புனிதாவையும் கொடுப்பதாக இருந்தது. மாமா வேண்டாம் என்று அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். கோதண்டபாணி காதில் வாங்கவில்லை. சொந்தம் விட்டுப்போகக் கூடாது. அதோடு பையன் தங்கம். பொழுது சாய்ந்தால் வண்டியைத் தொடமாட்டான், வாசலைத் தாண்டமாட்டான். அவன் அக்கா, அதாவது கோதண்டபாணியின் மனைவி அஞ்சம்மாளும் கல்யாணமான நாளாக விளக்கு வைத்த பிறகு வெளியே தலைகாட்டியதில்லை. இப்படியொரு அடக்கமான குடும்பம் ஜில்லாவிலேயே கிடையாது என்பது அவர் கட்சி. வெள்ளிக்கிழமை பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது குச்சிக்கு ஆட்டெலும்பைக் காட்டி ராஜாவின் வாயைத் திறக்கவைத்தார். சாப்பிட்ட வாயில் எடுத்தது செல்லாது என்று சோதனைக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான்காவதற்குப் பட்டினி போட்டார். எச்சில் கிடைத்தது, எடுத்த கையோடு ராஜா அவர் செருப்பில் ஒன்றைத் தின்று பசியாறியது.

முடிவு வந்தது. ராஜாவின் கண்ணுக்கு ஆபத்தில்லை, ஆனால் அதன் ரத்தத்தில் குறை ஒளிந்திருக்கிறது, குட்டிக்குக் கடத்தும். ராணி சுத்தமாக இருந்தால் பயமில்லை என்றார் கால்நடை மருத்துவர் ஜெகதீசன். கோதண்டபாணி உடனே விழுப்புரத்துக்கு பஸ் ஏறி ராணிக்கும் எடுத்து அனுப்பினார். அதற்கும் அதே குறை.

"எப்படி சார்? ரெண்டும் கூட்டேரிப்பட்டுல ஒரே தாய் போட்டதுங்க. பார்த்துப் பார்த்து வாங்கினோம்."

"அதாங்க பேஜாரே," என்றார் மருத்துவர். ஒரே ரத்தத்தில் சேர்த்தால் இரண்டு பக்கத்துக் குறையும் குட்டியில் வந்து கூடிவிடுமாம். முதலில் இருட்டினால் கண் தெரியாது. போகப்போகப் பகலிலும் தெரியாது.

கோதண்டபாணி ஆடிப்போய்விட்டார். நாய் என்றால் அவருக்கு உயிர். வெள்ளிக்கிழமை மாலை, பத்திரிகை வாசகம் எழுத வந்து உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களிடம் முதல் வேலையாக இதைத்தான் சொன்னார். போனால் போகிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றான் திருமுருகன். அவருக்கு வந்ததே கோபம்.

"இன்னாப்பா பார்த்துக்கலாம்? தெரிஞ்சிக்கினே ஒரே ரத்தத்துல கட்டிவெச்சி, பொறக்குறதுங்கள குருடாக்கச் சொல்றியா? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல அது நடக்காது."

நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பேச்சு முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அஞ்சம்மாள் சுவரைத் தடவிக்கொண்டே ஸ்விட்சைத் தேடினாள். திருமுருகன் அவசரமாக எழுந்து, காலடியில் படுத்திருந்த ராஜாவின் வாலை மிதித்தான்.

புனிதா உள்ளேயிருந்து வந்து அப்பாவிடம் கையை நீட்டினாள்.

"ரெண்டு குச்சி மிச்சம் இருக்குப்பா. ஒண்ணு எனக்கு, ஒண்ணு மாமாவுக்கு."