பெம்பர்டன் துரைக்கு ஒரு தூண்டில்

மருதமுத்து தொங்கிப் பார்த்த முதல் தூண்டில் கடையிலேயே முறிந்தது.

தூண்டிற்கோலின் அடிப்பக்கத்தைக் கடைக்காரத் தவுக்கே மேசைமேல் ஏறி நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நுனிப்பக்கத்தை மருதமுத்து பற்றிக்கொண்டு கால்களை மெதுவாக மடக்கினார். 'சடக்' என்றது. அடுத்த கணம், அரசாங்கச் சேவையில் பதினாறு வருடம் ஒரு புகாரும் இல்லாத இரண்டாம் கிராணி, அதாவது குமாஸ்தா, சிமெண்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் பாதிக் கோல் இருந்தது.

"எண்பது பவுண்டு தாங்கும்னு சொன்னியே தவுக்கே!"

"எண்பது பவுண்டு இக்கான் தாங்கும்! லு எத்தனை பவுண்டு? லு இக்கானா?" நீ என்ன மீனா என்று பாதி மலாயில் கேட்டுவிட்டுத் தவுக்கே மேசையிலிருந்து இறங்கினார். "பத்தா சுடா. பாயார்." உடைந்தாகிவிட்டது, பணத்தைக் கட்டு.

கட்டினார். காரியாலயத்தில் பதினொரு பேர் போட்டுச் சேர்த்த நாற்பது வெள்ளியில் இருபத்தைந்து அங்கேயே போயிற்று.

இத்தனைக்கும் மருதமுத்து அவசரக்காரர் அல்லர். மெர்டேக்காவுக்கு, மலாயாவின் சுதந்திர நாளுக்கு, இன்னும் மூன்று வாரம் இருந்தது. மலாக்காவில் இருந்த துரைமார் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். காரியாலயத் தலைவர் பெம்பர்டன் துரையும் சனிக்கிழமையோடு கிளம்புகிறார். கிளம்புமுன் அவர் ஒரே ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. காலியாகக் கிடக்கும் தலைமைக் கிராணி நாற்காலிக்கு யார் என்ற சிபாரிசுக் கடிதம் அது.

அந்த நாற்காலிக்கு இரண்டு பேர். ஒருவர் மருதமுத்து. இன்னொருவன் தியாகு. துரை எழுந்தால் நாற்காலியை இழுப்பவன், துரை உட்கார்ந்தால் மின்விசிறியைத் திருப்புபவன். பிரிவுபசாரப் பரிசு வாங்கும் வேலையை மருதமுத்துவின் தலையில் கட்டியதும் அவனேதான்.

"உங்க மாதிரி நிதானமா பார்த்து வாங்க யாருண்ணே இருக்கா?" என்றான். பரிசு பிசகினால் நாற்காலி யாருக்கு என்பதைச் சொல்லாமல் சிரித்தான்.

நிதானமாகத்தான் ஆரம்பித்தார். துரை இதற்கு முன் வேலை பார்த்த சிரம்பான் காரியாலயத்துத் தலைமைக் கிராணிக்கு, 'துரை அவர்களுக்கு எதில் பிரியம்?' என்று ஒரு கடிதம் எழுதினார். நாலாம் நாள் பதில் வந்தது. 'துரை அவர்களுக்குப் பெரிய கடல் மீன்களைத் தூண்டில் போட்டுப் பிடிப்பதில் அளவு கடந்த பிரியம். கனமான, உறுதியான, விலை சகாயமான தூண்டில் உகந்தது. நாங்களும் தைப்பிங் காரியாலயத்துக்கு எழுதி விசாரித்த பிறகே இவ்விதம் தீர்மானித்தோம்.'

முன்னுதாரணம் கிடைத்துவிட்டால் ஒரு கிராணிக்கு வேறென்ன வேண்டும்? மூன்று கடையில் விலை எழுதி வாங்கினார். மூன்றில் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தார். அதில்தான் தொங்கினார்.

மீதிப் பதினைந்து வெள்ளிக்குப் புதுத் தூண்டில் எங்கும் இல்லை. ஜாலான் பெண்டஹாரா தெருவில் நடராஜன் வைத்திருந்த லேலாங் என்னும் ஏலக் கடையில்தான், ஊரைவிட்டுப் போகிறவர்கள் கழித்துப் போட்ட சாமான்களுக்கு நடுவே, அதைக் கண்டார்.

கண்டதும் வாய் பிளந்தது. தேக்குக் கட்டில்களுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து, ஆளுயரத்துக்கு மேல் நின்றது. கட்டை விரல் பருமன். கறுகறுவென்று எண்ணெய் மினுமினுப்பு. அடியில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பித்தளை ரீல். ரீலின் கைப்பிடி மட்டும் எப்போதோ தொலைந்திருந்தது. அதற்குப் பதில் சதுரங்கத்து வெள்ளைச் சிப்பாய் ஒன்றைத் திருகி வைத்திருந்தார்கள்.

"இது எவ்வளவு தாங்கும்?"

"கிராணியாரே, இதுல சுறா மாட்டினா சுறாதான் பாவம்" என்றார் நடராஜன்.

"விலை?"

"இருபது."

"பதினஞ்சுதான் இருக்கு."

"எடுத்துட்டுப் போங்கலா. ஒரு வாரமா வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது."

இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததே மருதமுத்துவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. காஜா பெராங்கில் வீட்டுக்குப் பின்னால் இருந்த ரம்புத்தான் மரத்தில் கோலை வைத்துக் கட்டினார். இருபது பவுண்டு, நாற்பது பவுண்டு என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டு, சமையலறையிலிருந்து அரிசி மூட்டையை இழுத்து வந்தார்.

"என்னங்க, மீன் பிடிக்கிற கம்புன்னு சொன்னீங்க. என் அரிசியைப் பிடிக்குது?" என்றாள் சந்திரமதி.

"பரீட்சை பண்றேன்."

"அதுக்கு மீன் வாங்கிக் கட்ட வேண்டியதுதானே? சாயந்திரம் குழம்பாவது வைக்கலாம்."

மூட்டை தரையை விட்டு எழுந்தது. கோல் வில்லாக வளைந்தது. முறியவில்லை. கிளை முறிந்தது. மூட்டையும் கிளையுமாகப் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவின் கோழிக்கூண்டின்மேல் விழுந்தன. கோழிகள் காஜா பெராங் முழுக்கப் பறந்தன.

"அடப்பாவி மனுசா! கோழிக்கா தூண்டி போடுற?" என்று பொன்னம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்திய கத்தலுக்கு நடுவில், மருதமுத்து நோட்டில் 'திருப்தி' என்று எழுதினார்.

பரிசென்றால் தகடு வேண்டும். 'காரியாலய ஊழியர்களின் அன்பளிப்பு, மலாக்கா, 1957' என்று பித்தளைத் தகட்டில் வெட்டி வாங்கிவந்தார். கோப்பு அலமாரிகளில் அடிக்கிற அதே அளவுத் தகடு. அதைக் கோலின் அடியில் வைத்தபோது ஒரு விசித்திரம். தகட்டின் நான்கு மூலைக்கும் நான்கு துளை அங்கே ஏற்கெனவே இருந்தன. கொஞ்சம் மேலே, அதே அளவில், இன்னும் நான்கு.

"உங்களுக்காகவே ஓட்டை போட்டு வச்சிருக்கான் பாருங்க" என்றாள் சந்திரமதி.

ஆணி அடிக்கும் வேலை மிச்சம் என்று மருதமுத்து சந்தோஷப்பட்டார்.

அந்தச் சந்தோஷம் சனிக்கிழமை காலை ஒன்பது மணி வரைக்கும்தான் இருந்தது.

விருந்துக்கு நாற்காலி போடுவதற்காகக் கிளேபாங் கடலோரத்தில் இருந்த துரையின் பங்களாவுக்குப் போயிருந்தார். துரையோடு ஊர் ஊராய்ச் சுற்றிவந்த சமையற்காரன் சேதுராமன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். பெட்டியின்மேல் சட்டம் போட்ட போட்டோ ஒன்று கிடந்தது. கழுத்தில் மாலையோடு பெம்பர்டன் துரை. பக்கத்தில் தலைகீழாகத் தொங்கும், ஆள் நீளத்துக்கு ஒரு மீன். துரையின் இடது கையில் கைக்குட்டை. வலது கையில் தூண்டிற்கோல்.

மருதமுத்து குனிந்து பார்த்தார். ரீலில் வெள்ளைச் சிப்பாய் நின்றது.

துரையின் தூண்டில்! துரையின் சொந்தத் தூண்டிலை வாங்கித் தகடு அடித்துத் துரைக்கே கொடுக்கப் போகிறோம்!

சைக்கிளை மிதித்த மிதியில் ஜாலான் பெண்டஹாரா வந்ததே தெரியவில்லை.

"அண்ணே! அந்தத் தூண்டியை யாரு கொண்டாந்தா?"

நடராஜன் பல் குத்திக்கொண்டே யோசித்தார். "யாரோ துரை வீட்டுச் சமையக்காரன். மீசை வச்சவன்."

"எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்கலையா?"

"அதெல்லாம் கேட்டா லேலாங் கடை நடக்குமா கிராணியாரே?"

மீசை வைத்தவன் சேதுராமன். திருட்டுச் சொத்து! திருட்டுச் சொத்தில் அரசாங்க ஊழியர்களின் தகடு! தலைமைக் கிராணி நாற்காலி கிடக்கட்டும், இருக்கிற நாற்காலியே மிஞ்சுமா என்று மருதமுத்துவுக்குக் கண் இருட்டியது. மணி பத்தரை. விருந்து நாலு மணிக்கு. கையில் காசில்லை, கடையில் தூண்டிலும் இல்லை.

வீட்டில் ஒன்று இருந்தது. தவுக்கே கடையில் முறிந்தது.

பிரிந்த கோப்பு ஒன்றை எப்படிச் சேர்த்துக் கட்டுவார்களோ அப்படியே சேர்த்துக் கட்டினார். காரியாலயத்துக் கோந்தைத் தடவினார். கோப்புக் கட்டும் சிவப்பு நாடாவை முப்பது சுற்றுச் சுற்றினார். அதன்மேல் கறுப்பு மை பூசினார். நல்ல கோலிலிருந்து தகட்டைக் கழற்றி இதில் அடித்தார்.

"நல்லதை விட்டுட்டு ஒடைஞ்சதைக் கொடுக்கப் போறீங்களா?" சந்திரமதி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒடைஞ்சது என் தப்பு. நல்லது அவரு சொத்து. தப்பைக் கொடுத்துட்டுச் சொத்தைத் திருப்பி வச்சிடுறேன்."

"அவரு கையில எடுத்து வளைச்சுப் பார்த்தா?"

"பரிசை யாரு உடனே வளைச்சுப் பார்ப்பா?" என்றார் மருதமுத்து, கடையில் தொங்கியதை மறந்து.

மூன்றரை மணிக்கு, சாக்கில் சுற்றிய நல்ல கோலைப் பங்களாவின் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் சாய்த்து வைத்தார். வர்ணக் காகிதம் சுற்றிய முறிந்த கோலை விருந்து மேசைமேல் வைத்தார்.

தியாகு மாலை போட்டான். தியாகுவே பேசினான். பிறகு, "எங்கள் மருதமுத்து அண்ணன் தாமே தேர்ந்தெடுத்த பரிசு!" என்று அந்த நீளப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினான்.

துரையின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

நின்றவர் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். பொட்டலத்தின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். பாம்புக் கூடையைத் திறப்பவர்போல் விரல் நுனியால் ரிப்பனை இழுத்தார். காகிதம் விலகியது. துரை கோலைப் புரட்டிப் புரட்டி எதையோ தேடினார். பிறகு அடியைப் பிடித்துத் தூக்கினார்.

கோந்து இன்னும் காய்ந்திருக்கவில்லை. சிவப்பு நாடா புடவைபோல அவிழ்ந்தது. மேல்பாதி கழன்று விழுந்து, மேசைக்கு அடியில் உருண்டு, தியாகுவின் செருப்பில் முட்டி நின்றது.

"ஐயோ அண்ணே! ஒடைஞ்சதையா வாங்கினீங்க?" என்றான் தியாகு, எல்லாருக்கும் கேட்கும்படி.

துரை கையில் இருந்த பாதியைப் பார்த்தார். கீழே கிடந்த பாதியைப் பார்த்தார். மருதமுத்துவைப் பார்த்தார்.

"உடைந்துவிட்டதா? முழுவதுமாகவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"முழுவதுமாக, சார்."

"ஒட்ட வைக்க முடியாதா?"

"வைத்துப் பார்த்தேன் சார். முடியவில்லை."

துரை எழுந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று மருதமுத்து கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு, தன் தோளில் ஒரு வெள்ளைக்காரக் கை விழுந்து அணைப்பதை உணர்ந்தார். கண்ணைத் திறந்தால் துரையின் முகம் மெர்டேக்கா விளக்குப் போட்டதுபோல் ஜொலித்துக்கொண்டிருந்தது.

"மலாயாவில் எனக்குக் கிடைத்த பரிசுகளிலேயே சிறந்தது இதுதான்!" என்றார் துரை. சட்டைப் பையிலிருந்து சிபாரிசுக் கடிதத்தை எடுத்தார். பெயர் எழுதாமல் விட்டிருந்த இடத்தில், பதினொரு பேர் பார்க்க, 'மருதமுத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடமே நீட்டினார். ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை.

தியாகு பேச வாய் எடுத்தான். வந்தது விக்கல்.

மருதமுத்துவுக்கோ கால் தரையில் பாவவில்லை. வெள்ளைக்காரன் கேலி செய்கிறானா, வெயில் மண்டையில் ஏறிவிட்டதா? எதுவாயினும் கடிதம் சட்டைப் பைக்குள் இருந்தது. இனி ஒரே ஒரு கடமைதான் பாக்கி. தலைமைக் கிராணியாக முதல் கடமை. சமையலறைக்கு நடந்தார்.

அங்கே சேதுராமன் கதவுக்குப் பின்னால் இருந்து சாக்கை உருவி எடுத்து, வெள்ளைச் சிப்பாயை வெறித்துப் பார்த்தபடி, பிசாசைக் கண்டவன்போல் நின்றுகொண்டிருந்தான்.

"நல்லா பார்த்துக்க! உப்புப் போட்ட எசமான் வீட்டுத் தூண்டியைத் திருடி லேலாங் கடையில வித்தியே, வெக்கமா இல்லை?"

சேதுராமன் கோலை அப்படியே கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"திருடலைங்க கிராணியாரே! மீன் வாடையே ஆகாத அந்தத் துரைதான் தைப்பிங்ல ஒருக்கா, சிரம்பான்ல ஒருக்கா, இங்க ஒருக்கான்னு, ஊரைவிட்டுக் கிளம்புறப்பல்லாம் இதை வித்துத் தொலைக்கச் சொல்றாரு. கிராணிமாரு நீங்கதான் ஊருக்கு ஊரு இதையே வாங்கி, தகடு அடிச்சு, மாலையும் போட்டுத் திருப்பிக் கொடுத்துடுறீங்களே!"