சிங்கராஜாவின் சர்க்கரையும் செவந்தியின் குஞ்சுகளும்

ஒரு காட்டில், நட்டநடுவாக ஒரு நான்குவழிச் சாலை போட்டார்கள். சாலை என்றால் அப்படி ஒரு சாலை. காட்டுப்பன்றிகள் லாரியில் ஏறி உட்கார்ந்தால் அடுத்த காட்டில்தான் இறங்கும். என்ன, புதர்கள் எல்லாம் இந்தப் பக்கம், குளம் அந்தப் பக்கம். அது ஒன்றுதான் குறை.

செவந்தி என்ற கௌதாரி இந்தப் பக்கத்துக்காரி. தினமும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போக வேண்டும். பறந்து போகலாமே என்று கேட்காதீர்கள். அவள் பறப்பாள், குஞ்சுகளுக்கு இறக்கை முளைக்க வேண்டாமா? வரிசையாக நிற்க வைத்து, "நான் ஓடுன்னா ஓடணும், நில்லுன்னா நிக்கணும்" என்று படித்துப் படித்துச் சொல்வாள். எல்லாம் கேட்கும். கடைக்குட்டி மட்டும் நடுரோட்டில் நின்று புழு தேடும். ஒருநாள் லாரிச் சக்கரம் அதை உரசிக்கொண்டே போய்விட்டது. செவந்திக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நேரே திட்ட அதிகாரி யானையாரிடம் போனாள். "ஐயா, புள்ளைங்களோட ரோட்டைத் தாண்ட முடியல. ஒரு வேகத்தடையாவது போட்டுக் குடுங்க."

"வேகத்தடை போட்டா வேகம் குறையுமேம்மா" என்றார் யானையார், நிஜமான வருத்தத்தோடு.

"அதுக்குத்தானுங்க கேக்கறேன்!"

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இனிமேல் நிலம், சாலை எதற்குத் திட்டம் போட்டாலும் விலங்குகளின் ஆரோக்கியத்தையும் சேர்த்தே போட வேண்டுமாம். யானையார் உடனே நாரை டாக்டரம்மாவைக் கூட்டத்துக்கு அழைத்தார். டாக்டரம்மா செவந்தியையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார்.

"வாங்க டாக்டரம்மா. திட்டமெல்லாம் கொதிச்சு இறக்கியாச்சு. கொத்தமல்லித்தழை மாதிரி மேலாப்ல கொஞ்சம் ஆரோக்கியம் தூவிட்டுப் போங்க" என்றார் யானையார்.

"ரோட்டைக் கடக்க வழி வைங்க. பயமில்லாம நடந்து போனாலே பாதிப்பேர் என்கிட்ட வரமாட்டாங்க."

"அது போக்குவரத்துங்க. நீங்க ஆரோக்கியத்தைப் பத்தி மட்டும் பேசுங்க."

"நடக்கறதுதாங்க ஆரோக்கியம்!"

"அப்படித் தெளிவாச் சொல்லுங்க! நடக்க ஒரு இடம் வேணும். அவ்வளவுதானே?"

உடனே வேலை நடந்தது. கூழாங்கல் பதித்து, எட்டு வடிவத்தில் அழகான நடைபாதை. சுற்றிலும் கம்பிவேலி, வாசலில் வளைவு. குளத்தோரம்தான் இடம் காலியாகக் கிடந்ததாம். அதனால் சாலைக்கு அந்தப் பக்கம் கட்டிவிட்டார்கள். எட்டு போட ஆசைப்பட்டவர்கள் எல்லாம் ஆட்டோ பிடித்துப் போனார்கள். சாலையில் இன்னும் நெரிசல்.

"நடக்கப் போறதுக்கே வண்டி பிடிக்கணும். நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு செவந்தி குஞ்சுகளை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

இப்படி இருக்கையில் சிங்கராஜாவுக்குச் சர்க்கரை வந்தது. "தினமும் எட்டு போடணும். குகையிலிருந்து காலால நடந்தே போகணும். வண்டியில போய் இறங்கினா நான் கணக்குல சேர்க்கமாட்டேன்" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் ராஜா சாலையோரம் வந்து நின்றார். கர்ஜித்துப் பார்த்தார். லாரிப் பன்றிகள் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தன. ஒன்றும் நிற்கவில்லை. பக்கத்தில் குஞ்சுகளோடு செவந்தி.

"தினமும் இப்படித்தானா?"

"இன்னிக்குக் கூட்டம் கம்மிங்க ராஜா. கடைக்குட்டிக்குப் பின்னாடி நில்லுங்க. நான் ஓடுன்னா ஓடணும்."

ராஜா நின்றார், ஓடினார். அந்தப் பக்கம் சேர்ந்தபோது பிடரி எல்லாம் சிலிர்த்து, நாக்கு வெளியே தொங்கியது.

அடுத்த நாள் விடிந்தபோது அங்கே வேகத்தடை இருந்தது, வெள்ளைக்கோடு இருந்தது, விசிலோடு யானையாரே இருந்தார். குஞ்சுகள் கல்யாண ஊர்வலம் மாதிரி சாலையைக் கடந்தன.

ராஜா ஒழுங்காக நடந்தார். மெலிந்தார். சர்க்கரை இறங்கியது. காடே மகிழ்ந்தது. யானையார் செவந்தியைப் பார்த்து, "ராஜாவுக்குக் குணமாயிடுச்சும்மா. இனி அவர் நடக்க வேண்டியதில்ல. வேகத்தடையைப் பேத்துடலாம்னு இருக்கோம். பன்னிங்க வேற பொலம்புதுங்க" என்றார்.

மூத்த குஞ்சுகளுக்கு இதற்குள் இறக்கை முளைத்திருந்தது. ஆனால் செவந்தி மறுபடியும் முட்டை வைத்திருந்தாள். அவள் சண்டை போடவில்லை, மனுவும் கொடுக்கவில்லை. தினைமாவில் தேன் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, குகைக்கு எடுத்துப் போனாள்.

"ராஜா குணமானதுக்கு எங்க வீட்டுப் பலகாரம்."

"ஒன்னே ஒன்னுதான்" என்று ஆரம்பித்த ராஜா தட்டை நக்கித்தான் கொடுத்தார்.

அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா ராஜாவின் மீசையில் ஒட்டியிருந்த தினைமாவைப் பார்த்தார். "மறுபடி ஏறியிருக்கு. எட்டு போடுங்க" என்றார். வெளியே வந்ததும் செவந்தியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடியே, தட்டு நிறையக் கொடுத்தா ராஜா படுத்துடுவார். படுத்துட்டா எங்க நடப்பார்? தேனைக் கொஞ்சம் குறைச்சு விடு."

நீதி: காட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுமென்றால், ராஜாவுக்கு மட்டும் சர்க்கரை லேசாக இருந்துகொண்டே இருக்க வேண்டும்.