கப்பல் சாப்பாட்டுக்குப் போட்ட கோட்டு

தங்கச்சிக்கு, உன் கூடப்பிறந்த அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்பதுதான் முறை. கேட்டதாக வைத்துக்கொள்.

அன்றைக்குக் கப்பலில் அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் யார் யார் என்றால், நான், என் வீட்டுக்காரர், என் பெரியவன், அவன் பெண்டாட்டி, என் பேத்தி. எதிர்ப்பக்கம், பேத்தியைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற பையன், அவன் அப்பா பல் டாக்டர், அவன் அம்மா தலைமை டீச்சர். மேசையின் தலைப்பக்கம் கேப்டன். இத்தனை பேர் முன்னால்தான் என் மானம் போனது. நீ அங்கே இல்லை. இல்லாமலே செய்துவிட்டாய். அதுதான் உன் கெட்டிக்காரத்தனம்.

சம்பந்தம் பேசி முடிப்பதற்குள் இரண்டு குடும்பமும் நாலு நாள் ஒன்றாக இருந்து பார்க்கட்டும் என்று பையன் சொன்ன யோசனை இது. பெரிய கப்பலாக இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இறங்கிவிடலாம். இது சின்னது, நம் அறையில் தும்மினால் கேப்டன் திரும்பிப் பார்ப்பார். போன வருஷம் உன் மகன் உன்னை இதே மாதிரி ஒன்றில் கூட்டிப்போனானே, ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன உடுத்துவது என்று உன்னிடமே கேட்போம் என்று நினைத்தேன். என் புத்தி. சின்ன வயதில் குடும்பப் புகைப்படம் எடுத்த அன்றைக்கு என் பச்சைப் பாவாடையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றவள் நீ. நாற்காலிக்குப் பின்னால் என் நெற்றி மட்டும் தெரிகிறது. இன்றைக்கும் அந்தப் படம் கூடத்தில் தொங்குகிறது, நான் தினமும் பார்க்கிறேன். அப்படிப்பட்டவளிடம் போய்க் கேட்டேன் பார். நீ பதில் சொல்லப் போன் செய்தபோது என் கையெல்லாம் மாவு, அவர்தான் எடுத்துப் பேசினார். பேசிவிட்டு உள்ளே வந்து, "கோட்டு, பட்டு எல்லாம் கண்டிப்பா வேணுமாம். இல்லேன்னா மேசைக்கே விடமாட்டாங்களாம். உன் தங்கச்சி அடிச்சுச் சொல்றா" என்றார். சொன்ன கையோடு ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து அந்தக் கோட்டை இறக்கினார். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றபோது விழாவுக்கென்று தைத்தாரே, விழா அன்றைக்கு மழை கொட்டி எல்லாம் நின்றுபோனதே, அதே கோட்டுதான். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வெயில் மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டிக்குத் திரும்பும்.

முதல் ராத்திரி நாங்கள் இறங்கிப் போனோம். நான் அரக்குப் பட்டில், மருமகள் கழுத்து கொள்ளாத நகையில், பெரியவன் டை கட்டி மூச்சு விடமுடியாமல், அவர் கோட்டில், அவருக்கு முன்னால் அந்துருண்டை வாசனை. உள்ளே பார்த்தால் பல் டாக்டர் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக உட்கார்ந்திருக்கிறார். டீச்சரம்மா துவைத்துத் துவைத்து நிறம் போன ஒரு வீட்டுப் புடவையில். கேப்டன் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கல்யாணமா? யாருக்கு?" என்று கேட்டார். இன்னும் பேசியே முடிக்காத கல்யாணம்! பேத்தி சூப்புக் கிண்ணத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டாள். டீச்சரம்மா சிரித்துக்கொண்டே, "முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களும் மனுஷங்க மாதிரி வந்திருப்போமே" என்றாள். அந்தச் சிரிப்பை நான் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

சரி, அவர்கள் எளிமையான மனிதர்கள், நாமும் எளிமையாகப் போவதுதான் மரியாதை என்று மறுநாள் எல்லோரையும் வீட்டு உடுப்பில் கிளப்பினேன். கோட்டைக் கழற்ற வைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. போனால், பல் டாக்டர் கோட்டு சூட்டில்! டீச்சரம்மா பட்டில், காதில் கல் தோடு பளபளக்க! எங்களுக்கு மரியாதை செய்கிறார்களாம். தட்டைக் காலி செய்த கையோடு எழுந்து வந்துவிட்டோம். மூன்றாம் நாள் நாங்கள் அவர்களுக்காகப் பட்டுக்கு மாறினோம், அவர்கள் எங்களுக்காக வீட்டுப் புடவைக்கு இறங்கிவிட்டார்கள். பையனும் பேத்தியும் ஒருவரை ஒருவர் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

கடைசி நாள் மத்தியானம் மருமகள் கட்டிலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். "வேணும்னே பண்றாங்க அத்தை. நம்மளப் பாத்தா அவங்களுக்குக் கிண்டலா இருக்கு. இந்த இடம் வேணாம்னு சொல்லிடலாம்" என்றாள். பேத்தி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. அப்போது அந்தச் சுவரே பேசியது. அட்டைச் சுவர், பக்கத்து அறை அவர்களுடையது. "வேணும்னேதாங்க பண்றாங்க," என்று டீச்சரம்மா அழுகிற குரல். "நாம பட்டு கட்டினா அவங்க பழசு, நாம பழசு கட்டினா அவங்க பட்டு. நமக்கும் மானம் இருக்கு. வேணாம்னு சொல்லிடுங்க."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, சுவரை ஓங்கித் தட்டினேன். "டீச்சரம்மா! அழுறத நிறுத்திட்டுச் சொல்லுங்க. இன்னைக்கு ராத்திரி என்ன உடுத்தப் போறீங்க?"

அந்தப் பக்கம் டீச்சரம்மாவின் அழுகை நின்றது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க என்னவோ அதுதாம்மா நாங்களும்."

"அதெல்லாம் ஆகாது. பையனைப் பெத்தவங்க, நீங்கதான் சொல்லணும்."

"வயசுல பெரியவங்க, நீங்க சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்க."

"ஐயோ, நீங்கதான் சொல்லணும்!"

இப்படியே போனால் கரை வந்துவிடும், கல்யாணம் வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் தலைக்கு ஒன்றாக லைஃப் ஜாக்கெட் தொங்கியது, ஆரஞ்சு நிறத்தில், தலையணையைக் கழுத்தில் மாட்டின மாதிரி. "கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கு பாருங்க, அதைப் போட்டுட்டு வாங்க. அது உங்களுதும் இல்ல, எங்களுதும் இல்ல" என்றேன். அந்தப் பக்கம் பல் டாக்டர் சிரித்தது எங்கள் கட்டில்வரை அதிர்ந்தது.

ராத்திரி ஆரஞ்சு நிறத்தில் எல்லோரும் வரிசையாக இறங்கிப் போனதைப் பார்த்துக் கேப்டன் கையிலிருந்த ரொட்டியைப் போட்டுவிட்டு, "யாரு மணி அடிச்சது? எங்க ஓட்டை?" என்று மேலே ஓடினார். மற்ற மேசைக்காரர்கள் நமக்கு மட்டும் சொல்லவில்லையே என்று அவரவர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். விஷயம் தெரிந்ததும் கேப்டனும் ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அதைப் போட்டால் மேசைக்கு நெருங்க முடியாது, கரண்டி வாய்க்கு வந்து சேராது. பல் டாக்டருக்குப் பெரியவன் ஊட்ட, பெரியவனுக்குப் பல் டாக்டர் ஊட்ட, ஒரே கூத்து. பையனும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் நடுவில் ஒரு முழ இடைவெளி. "ரொம்ப நல்ல உடுப்பும்மா இது" என்று டீச்சரம்மா என் காதில் சொன்னாள். அங்கேயே பேச்சை முடித்து நாளும் பார்த்தாகிவிட்டது. அந்த முதல் நாள் சிரிப்பைக் கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே கப்பலில் என்ன உடுத்துவது என்று இனி யாரும் உன்னிடம் கேட்க வேண்டாம், நான் இருக்கிறேன். நீ சொன்ன சொல்லால் என் பேத்தி வாழ்க்கை கவிழ இருந்தது, நான்தான் நிமிர்த்தினேன். கல்யாணப் பத்திரிகை உனக்கு வராது. வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

உன் பிள்ளைகுட்டிகளுக்கு என் ஆசீர்வாதம். அவர்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி இதை அவரிடம் கொடுத்தேன். படித்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். வந்து, "இதை அனுப்பியே ஆகணுமா?" என்றார். மறுபடியும் போய்த் தண்ணீர் குடித்தார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். "உன் தங்கச்சி அப்படிச் சொல்லவே இல்ல. சின்னக் கப்பல்தானே, சாதாரணமா வந்தா போதும், குளிருக்கு ஒரு சால்வை எடுத்துக்கோங்கன்னா. நான்தான்... அந்தக் கோட்ட நான் வேற எப்பத்தான் போடுறது?" என்கிறார்.

மேலே உன்னைப் பற்றி எழுதியதையெல்லாம் நீயே அடித்துக்கொள், திரும்ப எழுத எனக்குக் கை வலிக்கிறது. பாவாடை விஷயத்தை மட்டும் அடிக்காதே. கல்யாணத்துக்கு நீதான் முதல் ஆளாக வரவேண்டும். நான் என்ன உடுத்துவது என்றும் நீயே சொல்ல வேண்டும், ஆனால் போனில் என் குரல் கேட்கிறவரை வாயைத் திறக்காதே. உள்ளே கூடத்தில் கல்யாணத்துக்கென்று இப்போதே அந்தக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், பாட்டு வேறு. இந்த உலகத்தில் நான் மன்னிக்கவே போவதில்லை என்று ஒரு ஆள் உண்டென்றால், அது என் வீட்டுக்காரர்.