அப்பா பட்டியில் அடைத்த சைக்கிள்

ஹா மொலாலா,
செவ்வாய்க்கிழமை மாலை.

என் அம்மாவுடன் பிறந்த மூத்த மாமா த்லாலி அவர்களுக்கு,

தங்கள் மருமகள் புலெங் பணிவோடு எழுதுவது. இங்கே மழை குறைவில்லாமல் பெய்கிறது. அங்கும் பெய்யட்டும். அத்தைக்கும், கம்பளி கத்தரித்த பிறகு குளிரில் நிற்கும் உங்கள் ஆடுகளுக்கும், உங்கள் இடது முழங்காலுக்கும் நலம் உண்டாகட்டும். இங்கே நாங்கள் அனைவரும் நலம். 'அனைவரும்' என்று எழுதியது மரியாதைக்காக. நான் நலமில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' என்பேன். எனக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொல்லத்தான் போன முறை அழைத்தேன். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் வேலித் தகராறை ஆரம்பம் முதல் முடிவுவரை கேட்டுவிட்டு, 'சரி மாமா' என்று வைத்துவிட்டேன். ஆகவே கடிதம். விஷயம் இதுதான்: அப்பா என் சைக்கிளைப் பட்டியில் அடைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஊர்த் தலைவரம்மாவின் மன்றத்தில் விசாரணை. என் பக்கம் பேச நீங்கள் வர வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் விருந்தினர் விடுதியில் நான் வழிகாட்டியாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மூன்றும் சோதனை மாதங்கள். அங்கே ஐந்து பேட்டரி சைக்கிள்கள் உண்டு. மலையில் ஓடுவதற்கென்றே தடித்த சக்கரமும் அதிர்ச்சி தாங்கும் முன்காலும் வைத்துச் செய்தவை. மிதித்தால் மோட்டாரும் கூடவே தள்ளும், மிதிக்காவிட்டால் தள்ளாது. இந்த ஒரு வாக்கியத்தை, நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் சுற்றுலா படித்துவிட்டு வந்த என்னால், ஊரில் ஒருவருக்குக்கூடப் புரியவைக்க முடியவில்லை. 'தானாப் போற சைக்கிள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வரும் சனிக்கிழமை ப்ளூம்ஃபொன்டெயின் நகரத்திலிருந்து நான்கு விருந்தினர் வருகிறார்கள். நான் தனியாக அவர்களை மலைப்பாதையில் கூட்டிப்போய்த் திரும்ப வேண்டும். ஐந்து பேரும் ஐந்து சைக்கிளும் முழுசாக வந்துசேர்ந்தால் வேலை நிரந்தரம் என்று விடுதி மேலாளர் மொகெத்தி ஐயா சொல்லியிருக்கிறார்.

அதற்காகத்தான் நேற்று, திங்கட்கிழமை, பாதையைப் பார்த்து வரக் கிளம்பினேன். விடுதியிலிருந்து கணவாய் ஏறி, நம் ஊருக்கு இறங்கி, மேட்டுக்குடி என்கிற மேல்கிராமம் வழியாகச் சுற்றி மறுபடி கணவாய் ஏறும் வட்டம். இறக்கமெல்லாம் உதிரிக் கல். இருக்கையை விட்டு எழுந்து, எடையைப் பின்னால் தள்ளி, பிரேக்கை ஒரு விரலால் தொட்டுத் தொட்டு இறங்கினேன். ஒரு இடத்தில்கூடக் கால் ஊன்றவில்லை. மாமா, அந்த அரைமணி நேரம் நான் இந்த மாவட்டத்திலேயே சந்தோஷமான பெண். ஊருக்குள் நுழைந்ததும் மாரோசா அக்கா கையை நீட்டி மறித்தார்.

"மேட்டுக்குடி வழியாத்தானே போறே? இந்த மாவு மூட்டையை எங்கம்மா வீட்டுல போட்டுட்டுப் போ."

"அக்கா, இது வந்து..."

"என்ன வந்து? நீயா சுமக்கப்போறே? அதுதான் தானாப் போகுதே!"

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மூட்டை என் முதுகில் ஏறி, குழந்தையைக் கட்டுவதுபோல் போர்வையால் கட்டப்பட்டு, முடிச்சும் விழுந்துவிட்டது. மேட்டுக்குடிக்கு ஏறும் செங்குத்தில் மூட்டை பின்னால் இழுக்க, முன்சக்கரம் நிலத்தை விட்டு எழும்ப, நான் தாடையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு, மோட்டாரை அதன் உச்ச வேகத்தில் போட்டு மிதித்தேன். மூட்டையை இறக்கிவைத்து மூச்சு விட்டால், அங்கே ஒரு மேய்ப்பர் நொண்டி ஆட்டுக்குட்டியோடு நிற்கிறார்.

"மேலே எங்க ஆட்டுக்கொட்டகையில இறக்கி விட்டுடு தங்கச்சி. கழுத்துல போட்டுக்கோ, குளிருக்கும் ஆச்சு."

மறுபடி வாயைத் திறந்தேன். ஆட்டுக்குட்டி கழுத்தில் இருந்தது. குளிருக்கு ஆகவில்லை. வழியில் அது என் முதுகை நனைத்துவிட்டது. கொட்டகையில் அதை இறக்கிவிட்டுக் கணவாய் ஏற்றத்தைத் தொடங்கினேன். நூறடி போனதும் மோட்டார் நின்றுவிட்டது. பேட்டரியில் துளிகூட இல்லை. மோட்டார் உதவாத இந்தச் சைக்கிள் இருபத்துநான்கு கிலோ இரும்பு. கல்லும் சரளையுமான அந்த ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளினேன், பிறகு கை விட்டுப்போனது. கீழே ஊருக்கு உருட்டிக்கொண்டு போயிருக்கலாம், ஆனால் நம் வீட்டுக் கூரைமேல் இருக்கும் சூரியத் தகடு என் போனுக்கே மூச்சுவாங்கும். எனவே அங்கிருந்த கற்குவியலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, விடுதிக்கு நடந்துபோய், வேறு பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டரை மணி நேரம். வந்து பார்த்தால் சைக்கிள் இல்லை.

அந்தக் கற்குவியல் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடைத்துவைத்த புல்வெளியின் எல்லைக்கல். புல் வளரும்வரை ஒரு கால்நடையும் நுழையக் கூடாத இடம். காற்றில் சைக்கிள் சாய்ந்து, பின்சக்கரம் எல்லைக்குள் போகும்படி விழுந்திருக்கிறது. கைப்பிடி உராய்ந்த கோடு கல்லில் இருந்தது. அங்கிருந்து புல்வெளிக்குக் குறுக்கே, நேராக ஊரை நோக்கி, குளம்புத் தடமும் அதன் பின்னால் எதையோ இழுத்துப்போன கோடும் போனது. இருபுறமும் புல் படுத்திருந்தது. திருடர்கள் குதிரையில் வந்து கொண்டுபோய்விட்டார்கள் என்று நினைத்தேன். அழுதுகொண்டே சுற்றுப்பாதையில் ஊருக்கு ஓடினேன்.

திருட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பட்டியில், இரண்டு கழுதைகளுக்கும் யாருடையதோ ஒரு கிடாய்க்கும் நடுவில், கழுத்தில் கயிறு கட்டி நிறுத்தியிருந்தது என் சைக்கிள். அதற்கு முன்னால் ஒரு தொட்டியில் தண்ணீர். அடைபட்ட உயிருக்குத் தண்ணீர் வைக்காதது குற்றம் என்பதால் அப்பா வைத்திருந்தார். கிடாய் கைப்பிடியின் ரப்பரை மென்றுகொண்டிருந்தது. வாசலில் குதிரையின் பக்கத்தில் அப்பா.

"அப்பா, அது என் சைக்கிள்!"

"இங்கே அப்பா யாரும் இல்ல. புல்வெளிக் காவலர் செகாக்கே நிக்கிறார்."

"காவலர் ஐயா, அது என் சைக்கிள்."

"உரிமைச்சீட்டு எங்கே?"

"சைக்கிளுக்கு எதுக்கப்பா உரிமைச்சீட்டு? அது புல்லா தின்னுது?"

"மலை ஏறுது. ஊரே சொல்லுது, தானாப் போகுதுன்னு. தானா மலை ஏறுற எதுவும் சீட்டு இல்லாம என் எல்லையில நிக்கக் கூடாது."

"முன்சக்கரம் வெளியிலதானே இருந்திருக்கும்!"

"மாடு தலைய வெளிய நீட்டிக்கிட்டு நின்னா, மாடு வெளிய நிக்குதுன்னு அர்த்தமா?"

உங்களுக்குத் தெரியுமே, இருபது வருடமாக அப்பா அந்தப் புல்வெளியைக் காக்கிறார், தன் அண்ணன் மாட்டையே இரண்டு முறை பிடித்து அடைத்தவர். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அவர் மறுபடி அப்பாவாகிவிட்டார். "கீரை போட்டுக்கோ, வெறுங்களிய முழுங்காதே," என்று என் தட்டில் கீரையை அள்ளி வைக்கிறார். சைக்கிளைப் பற்றி மெதுவாக எடுத்தேன். "பட்டி விஷயம் பட்டியில," என்றார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் எடுக்க வெளியே போனார், குடத்தை எடுக்காமல்.

இன்று காலை மன்ற எழுத்தர் பெக்கோவிடம் போனேன். அடைபட்டவற்றுக்கு அவரிடம் ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் மாடு, குதிரை, கழுதை, கோவேறு கழுதை, செம்மறி, வெள்ளாடு. வேறு இல்லை. சைக்கிள் என்று எழுதுங்கள் என்றேன். "இதுல அது இல்லையேம்மா," என்று பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தவர், "இதுக்கு அப்பன் யாரு?" என்று கேட்டார்.

"அப்பனா?"

"சைக்கிளும் இல்ல, மோட்டார் சைக்கிளும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல பொறந்தது. குட்டி போடுமா?"

"போடாது."

"அப்ப கோவேறு கழுதை," என்று எழுதிவிட்டார். நிறம்: பச்சை. வயது: பல் இல்லாததால் தெரியவில்லை. காது வெட்டு: இல்லை. குணம்: சாது. இதில் நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது மாமா. என் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போட்டுப் பழகிவிட்டேன், அதுவும் சேர்ந்து விழுந்துவிட்டது. பட்டதாரி, ஒரு பச்சைக் கோவேறு கழுதைக்கு உரிமை கோருபவர்.

மொகெத்தி ஐயாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நிதானமாக, "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சைக்கிள் வரலேன்னா, சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். நீ சமையல்கட்டுல முட்டை பொரி. அதுக்கப்புறம் பாப்போம்," என்றார். அந்த 'பாப்போம்' எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் இருந்தவரையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் போர்வை போர்த்திய பதினைந்து ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் தலைவரம்மா மாசெபாட்டா. என் பக்கம் வீட்டுப் பெரியவர் ஒருவர் பேச வேண்டும். வீட்டுப் பெரியவர்தான் என்னைப் பிடித்துக் கொடுத்தவர். ஆகவே முறைப்படி அம்மாவின் அண்ணன். உங்களால் முடியும். உங்கள் மச்சானின் காளையைப் பேசியே பட்டியிலிருந்து வெளியே கொண்டுவந்தவர் நீங்கள். அது காளையே இல்லை என்றுகூட ஒரு கட்டத்தில் நிரூபித்ததாக அம்மா சொல்வார். எனக்கோ, ஆண்கள் நான்கு பேர் திரும்பிப் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு மாவு மூட்டையை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள், மன்றத்தில் என்ன பேசுவேன்? நான் பேசினால் சைக்கிள் பட்டியிலேயே கிழடாகும்.

கட்டாயம் வாருங்கள். வியாழக்கிழமை வண்டியில் ஏறினால் இரவு இங்கே தங்கலாம். அப்பா உங்களை அன்போடு வரவேற்பார், விசாரணைக்கு முன்புவரை.

முன்னோர்கள் உங்கள் வழியைக் காக்கட்டும். உங்கள் கூரை ஒழுகாமல், உங்கள் தானியக் கூடை அடி தெரியாமல் இருக்கட்டும். அத்தையின் கையை என் சார்பில் பற்றிக்கொள்ளுங்கள்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகள்,
புலெங்

பின்குறிப்பு: இது வியாழக்கிழமை. ஓடை பெருகிப் புதன்கிழமை வண்டி வரவில்லை. கடிதம் என் பையிலேயே இருந்துவிட்டது. இதற்கிடையில், வெள்ளிக்கிழமை முதியோர் உதவித்தொகை நாள், எல்லாரும் வரிசையில் நிற்கப் போய்விடுவார்கள் என்று தலைவரம்மா விசாரணையை நேற்றே வைத்துவிட்டார். எனக்குப் பேச ஆளில்லை. அப்பா எழுந்து நின்று, எல்லைக்கல், பின்சக்கரம், மாட்டின் தலை எல்லாவற்றையும் அழகாகச் சொன்னார். பதினைந்து போர்வைகளும் தலையாட்டின.

"பொண்ணு என்ன சொல்லுது?" என்றார் தலைவரம்மா.

என் நாக்கு ஒட்டித்தான் இருந்தது. ஆனால் நான் வழக்குப் பேச எழவில்லை மாமா, தெரியாத ஒன்றைக் கேட்கத்தான் எழுந்தேன். காவலர் எல்லையோரமாகக் குதிரையில் போகலாம், புல்வெளிக்குள் இறங்கினால் நடந்துதான் போக வேண்டும் என்பது சட்டம். அப்பாவே எனக்குச் சொல்லித்தந்தது. "சைக்கிள் உள்ளே இருந்தது ஒரு முழம்," என்றேன். "குறுக்கே முந்நூறு அடிக்குக் குளம்புத் தடம் இருக்கு. இழுத்துட்டுப் போன கோடும் இருக்கு. புல்லு படுத்தது அங்கேதான். அது யாருடைய குளம்புன்னு பதிவேட்டுல இல்லையே?"

ஒருவர் இருமினார். தலைவரம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "காவலரே, உங்க குதிரைக்கு உள்ளே என்ன வேலை?"

அப்பா தொப்பியைத் தலையில் வைத்தார். பிறகு வெளியே போய், தன் குதிரையை அவிழ்த்து, பட்டிக்கு நடத்திக்கொண்டுபோய், என் சைக்கிளின் கயிற்றை அவிழ்த்து, அதே கயிற்றால் குதிரையைக் கட்டினார். தொட்டித் தண்ணீரை மாற்றினார். திரும்பி வந்து பெக்கோவிடம், "குதிரை, ஒண்ணு. எழுது," என்றார்.

சைக்கிள் என்னிடம் வந்துவிட்டது. கைப்பிடி ரப்பர் ஒன்று குறைவு. சனிக்கிழமை நான்தான் கூட்டிப்போகிறேன். அப்பா இன்று காலை முழு எல்லையையும் நடந்தே சுற்றிவிட்டு வந்தார். கால் வீங்கியிருக்கிறது. சைக்கிளைத் தருகிறேன் என்றேன். "எதிர்த்தரப்புப் பொருள்," என்று திருப்பிவிட்டார்.

குதிரையின் விசாரணை திங்கட்கிழமை பத்து மணிக்கு. அப்பா தரப்பில் பேச ஆள் இல்லை. நேற்று இரவு கீரையைத் தள்ளிவைத்துவிட்டு, "உங்க மாமா வருவாரா?" என்று என்னையே கேட்டார்.

ஆகவே அவசியம் வாருங்கள், அப்பாவுக்காக. நன்றாகத் தயார் செய்துகொண்டு வாருங்கள் மாமா. சாட்சி நான்.