மயிலுக்குப் போட்ட சத்தம்

கயல், முகிலா,

நீங்கள் இரண்டு பேரும் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாக வெளியில் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டேன். கயல் சொல்லும் கதையில் உங்கள் மாமா இலையைத் தூக்கி என் முகத்தில் எறிகிறார். முகிலன் சொல்லும் கதையில் நான் மயக்கம் போட்டு விழுகிறேன். இரண்டும் நடக்கவில்லை. (மயக்கம் வந்தால் தேவலை என்று நான் நினைத்தது வாஸ்தவம்.) அப்போது கயலுக்கு நடக்கத் தெரியும், பேசத் தெரியாது. முகிலன் பிறக்கவே இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் ஓர் உண்மை. வயர் இல்லாத ஸ்பீக்கர் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அதற்கு சார்ஜ் ஏற்ற ஒரு வயர் வேண்டும். அந்த வயரைச் செருக எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டும். பெட்டிக்கு ஒரு வயர் உண்டு. இரண்டு வயரை ஒழிக்கப் போய் அதைவிட அதிகமாக வயர் இழுத்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

இதெல்லாம் எதற்காக என்றால், கயலின் காதுக்காக.

உங்கள் அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் பால்பாண்டி மாமா ஒருவர்தான். சின்னமனூரில் ஜீப் ஓட்டுகிறார். நாம் இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்று வைத்த விருந்தில், வந்தவர்களை வரவேற்றுக்கொண்டே வாசலில் நின்றுவிட்டார். முதல் பந்தி நிறைந்துவிட்டது. இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார். அதற்குள் கறி தீர்ந்து குழம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. சாப்பிட்டார், கை கழுவினார், சொல்லிக்கொள்ளாமல் ஜீப்பை எடுத்தார். அதோடு சரி, பிறகு நம் வாசலை மிதிக்கவில்லை. “கூடப் பொறந்தவன ரெண்டாம் பந்தியில உக்கார வச்சு வெறுங் கொழம்ப ஊத்துனாக” என்று சின்னமனூரில் அவர் சொல்லாத டீக்கடை இல்லை.

பிறகு கயல் பிறந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? வேறு யார் மடியிலாவது வைத்துக்கொள்ளலாம் என்று நான் ஒருதரம் வாயை விட்டேன்.

“எங்கண்ணன் மடி இல்லாட்டி இவளுக்குக் காதே குத்த வேணாம். மூளிக் காதோட வளரட்டும்” என்றாள் உங்கள் அம்மா. அதன் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

யார் யாரோ சொல்லி, கடைசியில் மாமாவிடமிருந்து தகவல் வந்தது. “ஞாயித்துக்கெழம வாறேன். சோறு திம்பேன். மத்ததப் பெறகு பேசுவோம்.” அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். மனிதர் வயிறும் மனதும் நிறைந்து எழுந்தால் காதுகுத்து உண்டு. பாதியில் எழுந்தால் இல்லை.

“சமையல நான் பாத்துக்கிறேன். நீங்க வாயத் தொறக்காம இருந்தீகன்னாப் போதும்” என்று உங்கள் அம்மா எனக்கு வேலை பிரித்துக் கொடுத்தாள்.

நான் சும்மா இருப்பவனா? சாப்பாட்டு நேரத்தில் வீடு அமைதியாக இருந்தால் பழைய பேச்சு வந்துவிடும். டிவியில் ஒரு சண்டைப் படத்தை ஓட விட்டால் யாரும் பேச வேண்டியதில்லை. மாமாவுக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். நம் வீட்டில் ஹோம் தியேட்டர் வேறு இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு தேனியில் வாங்கியது, ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பாஸ் பெட்டியும். ஆனால் பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கரின் வயரை எலி தின்றுவிட்டது. மாற்றினேன், மாற்றியதையும் தின்றது. முன் ஸ்பீக்கர் வயரை அது தொடவே இல்லை. இதனால் எங்கள் வீட்டுப் படங்களில் வில்லன் எப்போதும் சத்தமில்லாமல்தான் பின்னால் வந்தான்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. (உங்கள் அம்மா இந்த இடத்தில் எப்போதும் தலையில் கை வைப்பாள்.) திராட்சைத் தோட்டத்தில் இரண்டு ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்திருந்தேன். கைப்பிடி போட்ட சூட்கேஸ் அளவு, பேட்டரியில் ஓடும். மெமரி கார்டும் போடலாம். பழம் நிறம் பிடிக்க ஆரம்பித்ததும் மயில் கூட்டம் இறங்கிவிடும். அதைக் கல்லால் அடிக்கக் கூடாது, அடிக்கவும் மனசு வராது. அதனால் செல்போனில் என் குரலைப் பதிந்து, ஒரு கார்டில் ஏற்றித் திரும்பத் திரும்பக் கத்த விட்டேன். கொஞ்ச நாளில் மயில்கள் பழகிவிட்டன. ஒன்று ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியது. பிறகு உங்கள் அம்மா குரலைப் பதிந்து இன்னொரு ஸ்பீக்கரில் போட்டேன். அதற்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது.

அந்த இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்கச் சுவர் ஓரமாக ஸ்டூல் மேல் வைத்தேன். கம்பம் பஜாரில் செல்போன் கடைக்காரர் கட்டைவிரல் அளவு டப்பா ஒன்று கொடுத்தார். அதை டிவியில் செருகினால் சத்தத்தை ப்ளூடூத்தில் அனுப்பும். முன்னால் பழைய செட், பின்னால் தோட்டத்து ஸ்பீக்கர். கார்டுகளை வெளியே எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். எடுத்தால் எங்காவது தொலைந்துவிடும் என்று உள்ளேயே பத்திரமாக விட்டுவிட்டேன்.

படத்தைப் போட்டுப் பார்த்தோம்.

“இதென்ன கூத்து? முன்னால ஒருத்தன் பேசுறான், பின்னால ஒருத்தன் நின்னு அதையே ஒப்பிக்கிறான்” என்றாள் உங்கள் அம்மா.

“ப்ளூடூத்ல சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். சரி பண்ணிருவேன்.”

“ஒங்க கைபட்டது எது நேரத்துக்கு வந்துருக்கு?”

ஹோம் தியேட்டரில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு ஸ்பீக்கரும் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று கேட்கும். அதற்குத் தகுந்தபடி சத்தத்தை முன்பின்னாக அனுப்பும். முன் ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாமதிக்க வைத்தால் பின்னால் வருவது வந்து சேர்ந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டு, எங்கள் சின்னக் கூடத்தைப் பற்றி அந்த செட்டிடம் வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொன்னேன். கல்யாண மண்டபம் என்றே அது நம்பியிருக்கும். அப்படியும் முழுசாகச் சரியாகவில்லை. ஒரு குத்து விட்டால் இரண்டு குத்துச் சத்தம் கேட்டது. பரவாயில்லை, மச்சானுக்கு அடிதடி அதிகமாக இருந்தால் பிடிக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜீப் வந்து நின்றது. மாமா, அத்தை, இரண்டு பையன்கள். மாமா கழுத்தில் புதுச் சங்கிலி மின்னியது. கூடத்தில் டிவியைப் பார்த்தபடி வரிசையாக உட்கார வைத்தோம். “மொத எலை எங்கண்ணனுக்கு” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு உங்கள் அம்மா இலை போட்டாள். கறி விழுந்தது. படம் ஓடியது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு கட்டத்தில் ஹெலிகாப்டர் வந்தது. முன்னாலிருந்து கிளம்பி எங்கள் தலைக்கு மேலாகப் பின்சுவருக்குப் போயிற்று. மாமா சோற்றுக் கையோடு திரும்பிப் பார்த்தார். “ஏலே, ஓட்டப் பிரிச்சுக்கிட்டுல்ல போறான்” என்றார் பையன்களிடம். எனக்கு நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்தது.

“இன்னொரு கரண்டி வைக்கிறேண்ணே.”

“போதும் ஆத்தா” என்றார் மாமா. விருந்துச் சண்டைக்குப் பிறகு தங்கையை ஆத்தா என்று அவர் கூப்பிட்டது அப்போதுதான். உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கயலின் காதில் தோடு ஏறிவிட்டது போலவே இருந்தது.

அந்த நேரம் கரண்டு போயிற்று.

டிவி நின்றது. ஹோம் தியேட்டர் நின்றது. ஃபேன் நின்றது. மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் தோட்டத்து ஸ்பீக்கர்கள் பேட்டரியில் ஓடுபவை, அவை நிற்கவில்லை. ப்ளூடூத் அறுந்தால் அவை சும்மா இருக்காது. உள்ளே கார்டு இருக்கிறதா என்று பார்க்கும். பார்த்தன.

மாமாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து என் குரல் கேட்டது.

“ஏலே. வந்துட்டீகளா? பொண்டாட்டி பிள்ளையெல்லாம் கூட்டிக்கிட்டுக் குடும்பத்தோட வந்துட்டீகளா? அடுத்தவன் பாடுபட்டதுல வாய் வைக்க வெக்கமா இல்ல? வயிறா அது, வைகை அணையா?”

அது முடிவதற்குள் அடுத்த ஸ்பீக்கரில் உங்கள் அம்மா குரல் சேர்ந்துகொண்டது.

“வாங்க மகராசா, வாங்க. வெரட்ட வெரட்ட வாறீகளே, ஒங்களுக்குன்னு ஒரு ஊரு இல்ல? ஓசியில தின்னு கழுத்து எப்பிடி மினுங்குது பாரு. கெளம்புலே. கெளம்பு.”

மாமாவின் இடது கை தானாகச் சங்கிலிக்குப் போனது.

நான் பாய்ந்து போய் என் குரல் வந்த ஸ்பீக்கரின் பொத்தானை அழுத்தினேன். அந்தப் பொத்தானைத் தட்டினால் அடுத்த பாட்டுக்குப் போகும், பிடித்து அழுத்தினால் சத்தம் கூடும். பதற்றத்தில் பிடித்து அழுத்தினேன். “வயிறா அது, வைகை அணையா” என்பது கம்பம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

மாமா எழுந்துவிட்டார். இலையில் பாதிச் சோறு.

“ஏன் மாப்ள, புடிக்கலைன்னா வாசல்லயே சொல்லிருக்கலாம்ல. கறி எடுத்து, எலை போட்டு, செட்டு வச்சு வெரட்டணுமா?”

“மச்சான், அது மயிலுக்கு.”

“யாரு மயிலு? நானா, எம் பொண்டாட்டியா?”

“என்னைய மயிலுன்னாச் சொல்லிட்டுப் போறாக” என்றார் அத்தை, சாப்பிட்டுக்கொண்டே. “ஒங்களச் சொல்லுவாகளா?”

மாமா கை கழுவும் இடத்தை நோக்கி நடந்தார். கையில் தண்ணீர் பட்டால் எல்லாம் முடிந்தது. உங்கள் அம்மா ரசக் கரண்டியைப் பிடித்தபடி கதவருகே நின்றாள். பேச முயன்றாள், ஆனால் அவள் குரல்தான் ஏற்கெனவே ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்ததே. நான் ஒருவழியாக என் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு அடுத்ததற்குத் தாவினேன். அதற்குள் அதில் திட்டு முடிந்திருந்தது. ஆனால் பதிவு முடியவில்லை. அவள் குரலைப் பதிந்த அன்று, திட்டி முடித்ததும் செல்போனை நிறுத்த மறந்திருக்கிறேன்.

“இதுக்கெல்லாம் மயிலு போகாதுங்க” என்றது உங்கள் அம்மாவின் குரல், சாதாரணமாக, களைப்பாக. “எங்கண்ணன் இருந்தா ஒரு சத்தம் போதும். சின்னதுல சோளக்காட்டுல நின்னு கத்துனாகன்னா மேகமலை வரைக்கும் ஒரு குருவி நிக்காது.”

“அவரு எங்கிட்டு வரப்போறாரு” என்றது என் குரல்.

“வருவாக. அவுகளுக்குக் கோவிக்கத்தான் தெரியும். கூடப் பொறந்தவள மறக்கத் தெரியாது.”

அந்தப் பேச்சை இத்தனை நாளாகக் கேட்டு வந்தவை மயில்கள் மட்டும்தான். நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். மாமா குழாய்க்குப் பக்கத்தில் சோற்றுக் கையோடு நின்றார். பிறகு பதிவு முதலிலிருந்து தொடங்கியது.

“வாங்க மகராசா, வாங்க. வெரட்ட வெரட்ட வாறீகளே…”

இந்தத் தடவை யாரும் அதை நிறுத்தப் போகவில்லை. மாமா திரும்பி வந்தார். தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார்.

“கறி இருக்கா ஆத்தா, இல்ல வெறுங் கொழம்புதானா?”

உங்கள் அம்மா அடுப்படிக்கு ஓடினாள். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது சட்டியோடு வந்தாள்.

கரண்டு வந்து படம் மறுபடி ஓடியதை ஒருவரும் கவனிக்கவில்லை. கிளம்பும் முன் மாமா என் செல்போனை வாங்கி, வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டுப் பதிந்து கொடுத்தார். எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அடுத்து வந்த முகூர்த்தத்தில் கயலுக்குக் காது குத்தினோம், அவர் மடியில்தான். (கயல் அன்று போட்ட சத்தத்தைப் பதிந்திருந்தால் மாமா குரலே தேவைப்பட்டிருக்காது.)

இன்றைக்கும் மாமா நம் வீட்டில் இலை முன்னால் உட்காரும் முன்பு “கரண்டு இருக்கா?” என்று கேட்கிறார். சின்னமனூருக்குப் போனால், இரண்டாம் தடவை சோறு வாங்குகிற என்னைப் பார்த்து அவர் பையன்கள் “வயிறா அது, வைகை அணையா?” என்கிறார்கள். நீங்களும் கூடச் சேர்ந்து சொல்கிறீர்கள். சொல்லுங்கள்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஜீப் போன பிறகு, அன்று சாயங்காலம் இரண்டு ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு நான் மட்டும் தோட்டத்துக்குப் போனேன். மாமா குரலை ஏற்றித் திராட்சைப் பந்தலுக்கு அடியில் வைத்தேன். உடனே போடவில்லை. பழுத்த கொத்தாக இரண்டு அறுத்து வேலிக்கு வெளியே வைத்துவிட்டு, தள்ளி வந்து நின்றேன். ஒரு பெட்டை மயில் இறங்கி வந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கொத்த ஆரம்பித்தது. அது கடைசிப் பழத்தையும் தின்று முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு, பிறகு பொத்தானை அழுத்தினேன்.