இஸ்மேனியா அக்காவின் காலிப் பெட்டி

பான், ஜெர்மனி, ஜூலை 24

பெருமதிப்புக்குரிய அண்ணன் காம்போ எலியாஸ் அவர்களுக்கு,

தங்கை நோரா எழுதுவது. இக்கடிதம் வந்து சேரும் வேளையில் தாங்களும் அண்ணியும் பசுக்களும் நலமாக இருப்பீர்கள் என்றும், துய்தாமாவில் மழையும் உருளைக்கிழங்கும் தங்கள் சொல் கேட்டு நடக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் தங்கள் மைத்துனர் டெட்லெஃபும் நலம். சரியாகச் சொன்னால், நேற்று முன்தினத்திலிருந்து நலம். அன்றுதான் அக்காவும் அத்தானும் விமானம் ஏறினார்கள்.

டிசம்பர் முப்பத்தொன்றில் தங்களுக்கு அறுபது நிறைகிறது, உடன்பிறந்த மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், வருகிறாயா இல்லையா, ஒற்றை வார்த்தையில் பதில் வேண்டும் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். ஒற்றை வார்த்தை: இல்லை. தொலைபேசியில் சொன்னால் என் குரலை வைத்து வாதாடுவீர்கள் என்பதால் எழுத்தில் தருகிறேன். அப்பாவின் அடக்கத்துக்கு ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தவள், பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்தநாள் கேக்குக்கு மட்டும் நேரத்துக்கு வந்து நிற்பது நன்றாக இருக்காது. அது ஒரு காரணம். மற்ற காரணங்கள் இந்தப் பன்னிரண்டு நாட்களில் நடந்தவை. அவற்றைப் படித்தால், நம் குடும்பம் ஒரே இடத்தில் கூடுவது பொது அமைதிக்கு நல்லதல்ல என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

விமான நிலையத்திலேயே தொடங்கிவிட்டது. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், இவர்கள் இருவரை மட்டும் காணவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து, கயிறு கட்டிய நான்கு அட்டைப்பெட்டிகளை வண்டியில் தள்ளிக்கொண்டு எலியேசர் அத்தான் வந்தார். பின்னால் அக்கா, ருவானாக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு சின்னப் பழுப்புப் பெட்டியோடு. சக்கரம் இல்லாத, மூலைகளில் தகரம் அடித்த பெட்டி. பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. துன்ஹாவுக்கு நான் படிக்கப் போனபோது அப்பா வாங்கிக் கொடுத்தது அது. "பெட்டியில என்னக்கா?" என்று மட்டும் கேட்டேன். "ஒண்ணுமில்லடி" என்றாள். சுங்கக்காரர்களிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறாள். கொலம்பியாவிலிருந்து ஒரு பெண்மணி ஒன்றுமே இல்லாத பெட்டியோடு வந்து இறங்கினால் அவர்கள்தான் என்ன நினைப்பார்கள்? உள்துணியைத் தட்டிப் பார்த்து, தகரத்தைச் சுரண்டிப் பார்த்து, இரண்டு நாய்களை விட்டு மோந்து பார்க்க வைத்திருக்கிறார்கள். "நாய் ரெண்டும் ரொம்ப மரியாதை, நோரா. நம்மூரு நாய் மாதிரி இல்ல" என்றாள் அக்கா. அட்டைப்பெட்டிகளில் இருந்த வெல்லக் கட்டிகளையும் ஆறு உருண்டைப் பாலாடைக்கட்டியையும் யாரும் கவனிக்கவே இல்லை. எல்லாக் கண்ணும் அந்தக் காலிப் பெட்டி மேல்.

ஏன் காலி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருடக் கடைசி இரவில் மணி பன்னிரண்டு அடித்ததும் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி ஓடினால் அந்த வருடம் பயணம் வாய்க்கும் என்று நம் ஊரே ஓடுகிறது. பதினைந்து வயதில் நான் அதை நிறுத்திவிட்டேன். ஓடாத நான்தான் கடல் தாண்டினேன் என்பதையும் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறேன். நான் கிளம்பிய வருடத்திலிருந்து அக்கா இருபத்திரண்டு முறை இந்தப் பெட்டியோடு ஓடியிருக்கிறாள், ஒரு முறை முழங்காலில் கட்டோடு. இப்போது அவள் மகன் விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்ததும், ஓடிய பெட்டி ஊரைப் பார்க்காமல் இருக்கலாமா என்று அதையும் அழைத்து வந்துவிட்டாள். அதற்குள் ஒரு கைக்குட்டை வைக்கக்கூட விடவில்லை. ஐந்து நாடுகள், எட்டு ஓட்டல்கள், நான்கு அட்டைப்பெட்டிகள், ஒரு காலிப் பெட்டி. வாடகை வண்டியில் டெட்லெஃபின் கால்களுக்குத்தான் இடமில்லை.

டெட்லெஃப் வழக்கம்போலக் கால்மணிக்கு ஒரு வரி என்று பயணம் முழுவதற்கும் அட்டவணை போட்டு அச்சடித்திருந்தார். வண்டி ஓட்டியது நான். முப்பத்தொரு வருடம் துய்தாமா–பொகோட்டா பேருந்து ஓட்டிய எலியேசர் அத்தானைப் பின்னால் உட்கார வைக்க முடியாது என்பதால் என் பக்கத்தில் உட்கார வைத்தோம். நான் பிரேக் போடும் இடத்திலெல்லாம் அவரும் தரையை மிதித்தார். நான் போடாத இடங்களிலும் மிதித்தார். பெல்ஜிய எல்லைக்கு முன்பே அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து டெட்லெஃப் அட்டவணையைப் பார்த்து நேரத்தைப் படித்துக்கொண்டே வந்தார். அத்தான் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கொழுந்தியா, உங்கிட்ட ஒரு உண்மைய சொல்றேன். சகலை டிரைவர் ஆக முடியாது. ஆனா அருமையான கண்டக்டர்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். திருமணமாகி இத்தனை வருடத்தில் டெட்லெஃப் அவ்வளவு வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

பிரஸ்ஸல்ஸில் பேர்போன ஒரு கடைக்குச் சூடான சாக்லேட் குடிக்க அழைத்துப் போனேன். கோப்பை வந்ததும் அக்கா பையிலிருந்து பாலாடைக்கட்டியையும் கத்தியையும் எடுத்து, வீட்டில் செய்வதுபோலத் துண்டு போட்டு, உருகட்டும் என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பரிமாறுபவர் வந்து பார்த்தார். போய் இன்னொருவரைக் கூட்டி வந்தார். அப்புறம் முதலாளியே வந்தார். அக்கா அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாவம்டி, இவங்க கடையில சீஸ் தீந்துபோச்சு போல" என்று ஆளுக்கு ஒரு துண்டு நறுக்கி, அவர்கள் சாக்லேட்டிலேயே போட்டு நீட்டினாள். முதலாளி கண்ணியமான மனிதர், விழுங்கிவிட்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டெட்லெஃபைப் பார்த்தேன். அவர் இரண்டாவது துண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

பாரிஸில் கோபுரத்துக்கு இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்றோம். வரிசையில் நின்றால் நம்மவர்கள் சும்மா நிற்பார்களா? முன்னால் நின்றவர்கள் நம் நாட்டுப் பாஸ்தோ ஊர்க்காரர்கள் என்று தெரிந்தது. அவர்களுடைய சித்தப்பாவும் அத்தானுடைய பழைய கண்டக்டரும் ஒரே தெரு என்பது தெரிந்தது. எங்கள் முறை வர எட்டுப் பேர் பாக்கி இருக்கும்போது எல்லோருக்கும் பசி என்பதும் தெரிந்தது. புல்வெளியில் உட்கார்ந்து, கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சோளரொட்டி சாப்பிட்டார்கள். "ஏறலயேன்னு வருத்தமா இல்லையாக்கா?" என்று கேட்டேன். "அது எங்கடி போகப்போகுது? பாஸ்தோக்காரங்க நாளைக்கு ஊருக்குப் போறாங்களே" என்றாள்.

ஜூலை பதினாறு, ஓட்டுநர்களுக்குக் காவலான கார்மேல் மாதாவின் திருநாள், நாங்கள் சுவிட்சர்லாந்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். காலையில் எழுந்து பார்த்தால் வாடகை வண்டி முழுக்கப் பலூன். அத்தான் விடியற்காலையிலேயே ஊதிக் கட்டியிருக்கிறார். "இன்னிக்கு மாதாவுக்கு ஹார்ன் அடிக்காத வண்டி வருஷம் பூரா பிரேக் பிடிக்காது, கொழுந்தியா. நான் சொல்லல, அனுபவம் சொல்லுது." இது ஞாயிற்றுக்கிழமை, இந்த ஊரில் தும்முவதற்கே யோசிப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நான் சாவியைப் போட்டதும் அத்தான் குறுக்கே கையை நீட்டி ஹார்னை அழுத்தினார்; நான் மாதாகோவிலை மூன்று முறை சுற்றி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. ஓர் அம்மாள் வீட்டுச் செருப்போடு, கையில் குறிப்பேட்டோடு இறங்கி வந்து எங்கள் வண்டி எண்ணை எழுத ஆரம்பித்தார். அத்தான் தொப்பியைக் கழற்றி, குனிந்து, இருப்பதிலேயே பெரிய நீலப் பலூனை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார். அவர் குறிப்பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டார். நாங்கள் திரும்பும்போது பலூன் அவர் வீட்டு வாயிற்கதவில் கட்டியிருந்தது. எண்ணை முழுக்க எழுதினாரா என்பது இன்னும் தெரியவில்லை.

கடைசி நாள் கொலோன். அங்கே பேராலயத்தில், குழந்தை இயேசுவைத் தேடிப் போன மூவரசர்களின் எலும்புகள் வைத்த பொற்பேழை இருப்பதை நான்தான் சொல்லித் தொலைத்தேன். பயணிகளுக்கு அவர்கள்தான் காவல் என்பதையும் நானே சொன்னேன். படித்தவளின் வாய்க்கொழுப்பு. உள்ளே பெட்டிகளைக் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு, தூணுக்குப் பின்னால் போய், பெட்டியை ருவானாவுக்குள் நுழைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற காவலர் அவளை நிறைமாதக் கர்ப்பிணியாக எண்ணினாரோ என்னவோ, ஐம்பத்தெட்டு வயதில் அது எப்படி என்று யோசிக்காமல் வழிவிட்டார். நாங்கள் வெளியே வந்து படியில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். அபாய மணி அடித்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். கவனிப்பாரற்ற பெட்டி ஒன்று பேழைக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்று கூட்டம் பேசிக்கொண்டது. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒல்லியாகியிருந்தாள்.

"வச்சுட்டு வந்தேன்" என்றாள். "சிக்கின்கிரா மாதா கோவில்ல கால் சரியானவன் ஊன்றுகோல வச்சுட்டு வரல? யாராச்சும் போலீசக் கூப்பிட்டாங்களா? கேளு அவங்கள."

நான் கேட்கவில்லை. கவசம் அணிந்த வீரர்களைப்போலக் கனமான உடுப்பு மாட்டியிருந்த போலீஸ்காரர்களிடம் ஓடிப்போய், அதில் ஒன்றுமில்லை, அது நன்றிக்காணிக்கை என்று விளக்கினேன். பெட்டி வந்தது. ஓர் அதிகாரி அதைத் திறந்து, மூடியின் உட்பக்கத்தைப் பார்த்து, "நோரா புலிதோ யார்?" என்றார். அப்பா மை தொட்டு எழுதிய பெரிய எழுத்துகள், அப்படியே இருந்தன. நான்தான் என்றேன். அப்படியானால் பெட்டி உங்களுடையது, இந்தத் தாளில் நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பதினெட்டுக் கேள்விகள் கொண்ட தாள். அதை நிரப்பிக்கொண்டிருக்கும்போது அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நன்றிக்குன்னு அவங்ககிட்ட சொன்னியா? அது பொய்டி. நான் திருப்பிக் குடுத்தேன்."

"என்னத்தத் திருப்பிக் குடுத்த?"

"நான் எதுக்குடி ஐரோப்பாவுக்கு வரணும்னு ஓடணும்? இங்க என்ன இருக்கு, கோவிலு. கோவில் நம்மூர்ல இல்லையா? உம் பெட்டியத் தூக்கிக்கிட்டு இருபத்திரண்டு வருஷம் ஓடினது நீ வரணும்னு. இவங்க திசைய மாத்தி என்னக் கொண்டாந்து இங்க விட்டுட்டாங்க. மூணு ராஜா, மூணு பேரும் சேந்து ஒரு வேலைய உருப்படியா செய்யல. அதான் இந்தா வச்சுக்கங்கன்னு வச்சுட்டு வந்தேன்."

எலியேசர் அத்தான் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு, "நான் இவகிட்ட சொன்னேன் கொழுந்தியா, நேரா அவகிட்டயே கேட்டுரு, ராஜா எதுக்குன்னு" என்றார். நான் பேனா எழுதவில்லை என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் வேறு பேனா கொடுத்தார். முதல் பேனாவும் எழுதிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் அவர்கள் கிளம்பினார்கள். பெட்டியை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள், உன் பெயர் எழுதியிருக்கிறது, கையெழுத்தும் போட்டுவிட்டாய் என்று. வாசலில் டெட்லெஃப் தினமும் அதில் இடித்துக்கொள்கிறார்.

ஆகவே அண்ணா, பதிலில் மாற்றமில்லை. டிசம்பரில் என் ஆய்வுக்கூடத்தில் மண் மாதிரிகள் நிறைய வரும், டெட்லெஃபுக்கு உயரமான ஊர் ஒத்துக்கொள்ளாது, குளிர்காலத்தில் விமானங்களும் நம்பகமானவை அல்ல. என்னை வற்புறுத்த வேண்டாம். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கார்மேல் மாதா உங்கள் வண்டியையும், சிக்கின்கிரா மாதா உங்கள் முதுகையும், நான் நம்பாத மற்ற எல்லோரும் மிச்சத்தையும் காப்பார்களாக.

என்றும் தங்கள் தங்கை,
நோரா

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கப் போனபோது அந்தப் பெட்டியையும் அக்கா பேருக்கு அனுப்பிவிடலாம் என்று எடுத்துப் போனேன். உள்ளே என்ன என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. ஒன்றுமில்லை என்று எழுதினேன். ஒன்றுமில்லாததை அனுப்ப முடியாது என்று தபால்காரம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆக, யாராவது நேரில்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. டிசம்பர் பத்தொன்பதாம் தேதிக்கு இரண்டு சீட்டுகள் எடுத்தாகிவிட்டது. டெட்லெஃப் துய்தாமாவுக்கும் அட்டவணை போட்டுவிட்டார்; அதில் முப்பத்தொன்றாம் தேதி, 23.45க்கு முழங்கால் பயிற்சி, 00.00க்குப் பெட்டி என்று இருக்கிறது. நம் ஊர்த் தபால் வரும் வேகத்தைப் பார்த்தால் இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து சேர்ந்துவிடக்கூடும். இந்த முறையாவது. அப்படி நான் பக்கத்தில் இருக்கும்போது இது வந்தால், பிரிக்காமல் என் கையில் கொடுத்துவிடுங்கள்.